பிள்ளைக்குப் பேர் வைத்தாயிற்றா?

எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஓர் எஜமானர் வந்திருக்கிறார். வந்து ஐந்து மாதம் ஆகிறது. அவர் தூங்கினால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். அவர் விழித்துக்கொண்டால் டெலிவிஷனை நிறுத்திவிட வேண்டும். இவ்வளவு அதிகாரம் படைத்தவருக்குச் சென்ற மாதம் வரையில் ஒன்றே ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. அதுதான் பெயர்!

நான் அவரைப் 'பட்டு' என்று கூப்பிட்டேன். பால்காரர் 'தம்பி' என்றார். மாடி வீட்டு அம்மாள் 'குட்டிப் பயல்' என்றாள். தடுப்பூசி போடும் அட்டையில் 'ரஞ்சனியின் ஆண் குழந்தை' என்று எழுதியிருந்தது. வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் முதல் கேள்வி, "பிள்ளைக்குப் பேர் வைத்தாயிற்றா?" என்பதுதான். அந்தக் கேள்வி வந்ததும் என் மகள் ரஞ்சனி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். மாப்பிள்ளை செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். வந்தவர்களுக்குப் பதில் சொல்லுகிற பொறுப்பு என் தலையில் விழும்.

"பார்த்துக்கொண்டே இருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை" என்று சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஒன்றல்ல, இரண்டு முடிவாகியிருந்தன. அதுதான் சங்கடம்.

குழந்தை பிறந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றபடியே மாப்பிள்ளை சென்னையிலிருக்கும் தம் உறவினர்களுக்கெல்லாம் போன் செய்தார். "எங்கப்பாவே வந்து பிறந்திருக்காரு! சுப்பிரமணியம்தான் பேரு!" என்று அவர் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவருடைய தகப்பனார் 2021 மே மாதம் கொரோனாவில் போனவர். அப்படிப்பட்ட பிள்ளையின் ஆசையில் யார் குற்றம் காண முடியும்?

ஆனால் ரஞ்சனியின் பக்கத்தையும் கேளுங்கள். அவளும் கர்ப்பமாக இருந்த நாளிலிருந்து ஒரு பெயரை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இனியன் என்று. ராத்திரியில் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுவாளாம்.

"மாமா மேல எனக்கு என்னம்மா வருத்தம்? என்னைப் பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்தாரு. ஆனா பத்து மாசம் சுமந்தவ நான். மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறக்கறதுக்குள்ளே பேர் வெச்சு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றாள்.

அவள் சொன்ன கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவோம்.

* * *

நம் ஊரில் பெயர் வைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. 'பேரன்' என்ற வார்த்தையே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். மூத்த பிள்ளைக்குத் தகப்பனாரின் தகப்பனார் பெயர், மூத்த பெண்ணுக்குப் பாட்டி பெயர் என்று எத்தனையோ குடும்பங்களில் பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் தயாராகக் காத்திருக்கும். தொட்டில் போடுகிற அன்றைக்கு அத்தைக்காரி வந்து, குழந்தையின் காதில் மூன்று தடவை சொல்லி, சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. பெற்றவளை அழைத்து உட்கார வைப்பார்கள். அபிப்பிராயம் கேட்க மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கையா, வேதனையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அந்தக் காலத்தில் மருமகள் மாமனார் பெயரையும் மாமியார் பெயரையும் வாயால் சொல்லக் கூடாது. பிள்ளைக்கோ மாமனார் பெயர்! அப்புறம் பெற்ற தாய் அவனை எப்படிக் கூப்பிடுவாள்?

என் தாயாரே இதற்குச் சாட்சி. என் அண்ணனுக்கு எங்கள் தாத்தாவின் பெயரான வைத்தியலிங்கத்தை வைத்தார்கள். என் அம்மா கடைசி வரையில் அவனைப் "பெரியவனே" என்றுதான் கூப்பிட்டாள். அவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்து உத்தரவு வந்தபோது, தபால்காரர் வாசலில் நின்று, "வைத்தியலிங்கம் இங்கேதானே?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளையின் பெயரைத் தன் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாமலே அவள் போய்ச் சேர்ந்தாள்.

அவன் சின்ன வயதில் விஷமம் செய்தபோது பெயர் சொல்லித் திட்டவும் முடியாது. திட்டினால் மாமனாரைத் திட்டியதாக ஆகிவிடும். பிள்ளைக்கு அது ஒரு லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கென்று ஒரு குழந்தை பிறந்தால் அதை வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பாவாடை கட்டிய வயதிலேயே தீர்மானம் செய்துகொண்டேன்.

* * *

1989 டிசம்பரில் என் பெண் பிறந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில், தஞ்சாவூரில். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள் நான். புக்ககம் வந்த பிறகு பாட்டு நின்றுவிட்டது. ஆகையால் பெண் பிறந்தால் ஒரு ராகத்தின் பெயரையாவது வைத்துத் தினமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கலாம் என்று ஆசை. ரஞ்சனி என்று நினைத்து வைத்திருந்தேன்.

முப்பதாம் நாள் தொட்டில் போட்டார்கள். என் நாத்தனார் உறையூரிலிருந்து வந்து, குழந்தையின் காதில் "அகிலாண்டம், அகிலாண்டம், அகிலாண்டம்" என்று சொன்னாள். அது என் மாமியார் பெயர். என் வீட்டுக்காரருக்குத் தாயார் என்றால் உயிர். அவர் பூரித்துப்போய் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் எப்படித் திறப்பது?

அப்புறம் அவர் எதிரில் குழந்தையைப் 'பாப்பா' என்று கூப்பிட்டேன். தனியாக இருக்கும்போது 'ரஞ்சனி' என்று கூப்பிட்டேன். சொந்தக் குழந்தையைத் திருட்டுத்தனமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தாயார் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது தோன்றுகிறது, அப்படி எத்தனை பேர் இருந்தார்களோ!

மூன்றரை வருஷம் இப்படியே போயிற்று. 1993 ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு பாங்கியில் ஆடிட். "நீயே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடு" என்று சொல்லிவிட்டார். பிறப்புச் சான்றிதழில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அந்த நாளில் அநேகம் பேர் அப்படியே விட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் என்ன சொல்கிறோமோ, அதுதான் பெயர்.

குமாஸ்தா பேனாவைத் திறந்து, "குழந்தை பேரென்னம்மா?" என்று கேட்டார்.

என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. "ரஞ்சனி" என்றேன்.

அவ்வளவுதான். நான்கு எழுத்து. எழுதி, மை காய்ந்துவிட்டது.

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். என் தங்கைகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ரஞ்சனிக்கு விவரம் தெரிந்த பிறகு அவளுக்கும் சொன்னார்கள். அவளுக்கு என் பேரில் ரொம்பப் பெருமை. "எங்கம்மா சாதுன்னு நினைக்காதீங்க!" என்று சிநேகிதிகளிடம் சொல்வாள்.

* * *

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பேரன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். ரஞ்சனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னிக்கு நீ செய்ததையே நானும் செய்யப்போறேன். திங்கட்கிழமை மாநகராட்சி ஆபீஸுக்குப் போய் இனியன்னு பதிஞ்சுட்டு வந்துடறேன். நீயும் துணைக்கு வா" என்றாள்.

அவள் சும்மா வரவில்லை. சட்டத்தையெல்லாம் படித்து வைத்துக்கொண்டுதான் வந்தாள். உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன்.

பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1969-ல் வந்தது. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரிக்காரர்களே தெரிவித்துவிடுகிறார்கள். பெயர் அப்போதே வேண்டும் என்பதில்லை. 12 மாதம் வரையில் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருஷம் வரையில் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பெயரைத் தெரிவிக்க வேண்டியவர் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. தகப்பனார்தான் என்று எங்கேயும் இல்லை. நான் செய்தது போலப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு வருவது இனிமேல் பலிக்காது. அந்தச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரையில் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

"தாயாருக்கு உரிமை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாதும்மா" என்று ரஞ்சனி மேலும் அடுக்கினாள். வாஸ்தவம்தான். 1956-ல் வந்த ஒரு சட்டம், இந்துக் குழந்தைக்கு இயற்கைப் பாதுகாவலர் தகப்பனார், அவருக்குப் பிறகு தாயார் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பேரில் ரிசர்வ் பாங்கி பத்திரம் வாங்கப் போனபோது, தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் விடவில்லை. சுப்ரீம் கோர்ட் வரையில் போனார். 1999-ல் தீர்ப்பு வந்தது. 'அவருக்குப் பிறகு' என்றால் அவர் காலமான பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை, அவர் அந்தப் பொறுப்பில் இல்லாதபோது என்றும் கொள்ள வேண்டும் என்றார்கள். தகப்பனாரை இழந்த குழந்தைக்கு எந்தக் குடும்பப் பெயர் என்பதைத் தாயார் தீர்மானிக்கலாம் என்று 2022-ல் அதே கோர்ட் சொல்லியிருக்கிறது.

இன்னொரு வழக்கையும் சொன்னாள். கேரளத்தில் ஒரு பெண் குழந்தை. தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டார்கள். தாய் ஒரு பெயர் சொன்னாள். தகப்பன் வேறொன்று சொன்னான். சான்றிதழில் பெயரே ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில் பெயரில்லாத சான்றிதழை ஏற்கவில்லை. கடைசியில் 2023-ல் கேரள ஹைகோர்ட்டே அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தது! குழந்தை தாயிடம் வளர்வதால் தாய் சொன்ன பெயரையே எடுத்துக்கொண்டு, அதனுடன் தகப்பனார் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

"பார்த்தியாம்மா, தாயார் சொன்ன பேர்தான் ஜெயிச்சுது!" என்றாள் ரஞ்சனி.

எனக்கு ஜெயித்ததாகத் தோன்றவில்லை. அத்தை காதில் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டிய பெயரை, நீதிபதி எழுதிக் கொடுக்கும்படி ஆயிற்றே என்றுதான் தோன்றியது. நீதிபதி குழந்தையின் நன்மையைப் பார்த்துச் செய்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்தக் குழந்தை பெரியவளாகி, "எனக்கு யார் பேர் வைத்தது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ரஞ்சனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திங்கட்கிழமை வருவியாம்மா?"

அப்போதுதான் தீர்மானித்தேன். அவளுக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். முப்பது வருஷத்துக்கு மேலாக வாயைத் திறக்காமல் வைத்திருந்த மீதிப் பாதியை அன்றைக்குச் சொன்னேன்.

* * *

1993-ல் அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட ரசீதைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டினார். சாப்பிட்டுக் கையைக் கழுவினார். எட்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒன்பதாம் நாள் கொல்லைப்புறத்தில் என் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "இங்கே வாம்மா, வந்து உட்காரு" என்றார். என் உடம்பு நடுங்கியது.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. உங்க பேரு வேண்டாம்னு..." என்று இழுத்தேன்.

"அது என் பேருன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார் அவர்.

நான் விழித்தேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்:

"நான் மதுரையிலே பிறந்தவ. எனக்கு வெச்ச பேரு மீனாட்சி. பதினாறு வயசிலே, 1948-ல இந்த வீட்டுக்கு வந்தேன். என் மாமியார் பேரும் மீனாட்சி. ஒரே வீட்டிலே ரெண்டு மீனாட்சி எப்படி இருக்கறது? புருஷன் பெண்டாட்டியை அதட்டினா, தாயாரை அதட்டின மாதிரி ஆயிடாதா? வாசல்லே ஆரத்தி எடுத்த கையோட, 'இனிமே இவ பேரு அகிலாண்டம்'னு சொல்லிட்டாங்க. திருவானைக்காவல் அம்மன் பேரு. நல்ல பேருதான். ஆனா யாரும் என்னைக் கேட்கலை. முதல் ஒரு வாரம், 'அகிலாண்டம்'னு கூப்பிடுவாங்க, நான் யாரையோ கூப்பிடறாங்கன்னு நின்னுட்டிருப்பேன். பொண்ணுக்குக் காது மந்தமோன்னு என் நாத்தனார் சந்தேகப்பட்டா. எங்கம்மா கடுதாசி போட்டா, மேலே விலாசத்திலே அகிலாண்டம்னு எழுதுவா. உள்ளே 'சௌபாக்கியவதி மீனாவுக்கு'ன்னு எழுதியிருப்பா. எங்கம்மா போன பிறகு அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை."

கொஞ்ச நேரம் கீரை உருவும் சத்தம்தான் கேட்டது.

"உன் புருஷனுக்கு இது தெரியாது. தாயார் பேரை வைக்கணும்னு ஆசைப்பட்டான், வைக்கட்டும்னு இருந்தேன். உன் மேலே எனக்குக் கோபமில்லை. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. என்னைக் கேட்காம என் பேரை மாத்தினாங்க. உன்னைக் கேட்காம அவன் பேர் வெச்சான். அவனைக் கேட்காம நீ வெச்சுட்டு வந்தே. பேருதான் வேற வேற. செஞ்ச காரியம் மூணும் ஒண்ணுதான்."

"அவர்கிட்டே நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், அத்தை" என்றேன்.

"கேளு. ஆனா என் பேர் விஷயத்தை அவன்கிட்டே சொல்லாதே. மனசு சங்கடப்படுவான்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவரும், "போகட்டும், விடு" என்றார். மறுபடியும் பேச ஆரம்பித்தார். எங்கள் குடித்தனம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால்...

இந்த இடத்தில் நான் ரஞ்சனியிடம் கேட்டேன்: "உங்கப்பா உன்னை எப்படிக் கூப்பிடுவார், சொல்லு பார்ப்போம்."

"பாப்பான்னு கூப்பிடுவாரு. ஏன்?"

"எப்போதாவது ரஞ்சனி என்று கூப்பிட்டிருக்கிறாரா?"

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. காலேஜில் சேர்த்தபோதும் பாப்பா. வேலை கிடைத்தபோதும் பாப்பா. கல்யாணப் பத்திரிகையைப் படித்துப் பார்த்து, "பாப்பா பேரைப் பெரிசாப் போட்டிருக்கலாம்" என்றார். 2018-ல் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவர் கடைசியாகக் கேட்டதும், "பாப்பா வந்தாச்சா?" என்றுதான். செல்லத்தினால் அப்படிக் கூப்பிடுகிறார் என்று அவள் இருபத்தெட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். செல்லமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை. நானும் அவரைக் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை.

என் தாயார் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் போனாள் என்று நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! அதே காரியத்தை என் புருஷனுக்கு நானே செய்துவிட்டேன். குமாஸ்தாவின் பேனா முனையில் நான்கு எழுத்தை ஜெயித்தேன். அந்த நான்கு எழுத்தை என் பெண் தன் தகப்பனாரின் குரலில் ஒரு நாளும் கேட்கவில்லை.

ரஞ்சனி வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "திங்கட்கிழமை நீ வரவேண்டாம்மா" என்றாள்.

* * *

சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை சென்னையிலிருந்து வந்தார். இரவு சாப்பாடு ஆனதும் இருவரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். ஒட்டுக்கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் பேரன் அன்றைக்கு மாடிப்படியில் நின்றால்தான் தூங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தான். நான் என்ன செய்ய, சொல்லுங்கள்!

"மாமா பேருதான் வேணும்னு ஏன் இவ்வளவு தவிக்கறீங்க? எனக்குச் சொல்லுங்க" என்று ரஞ்சனி கேட்டாள். குரலில் சண்டை இல்லை.

மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கடைசியிலே அப்பா முகத்தைக்கூடப் பார்க்க விடலை. வீட்டுக்குக் கொண்டுவர முடியலை. 'சுப்பிரமணியம்'னு ஒரு சீட்டிலே எழுதிக் கொடுத்தாங்க, அவ்வளவுதான். அன்னியிலேருந்து அந்தப் பேரை வீட்டிலே யாரும் சொல்றதில்லை. சொன்னா அம்மா அழறாங்க. பிள்ளைக்கு வெச்சா, அந்தப் பேரைச் சந்தோஷமா நாலு பேர் சொல்லிட்டிருப்பாங்களேன்னு நினைச்சேன்."

"இதை ஏன் என்கிட்டே சொல்லவே இல்லை?"

"நீ கேட்கவே இல்லையே."

"நீங்களும் என்னைக் கேட்கலையே!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். நல்லவேளை, பேரனும் அப்போதே தூங்கிவிட்டான்.

மறுநாள் எல்லோரும் வயலூர் முருகன் கோவிலுக்குப் போனோம். திருச்சிக்காரர்களுக்கு நல்லது கெட்டது எதற்கும் வயலூர்தான். சந்நிதியில் கற்பூரம் காட்டியபோது ரஞ்சனி வேலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து மண்டபத்தில் உட்கார்ந்ததும், "வேலன்னு வைக்கலாமா? சுப்பிரமணியமும் அவர்தானே. மாமா பேரும் ஆச்சு. எனக்கும் வாய்க்கு வருது" என்றாள்.

மாப்பிள்ளை அந்தப் பெயரை முதலில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் குழந்தையைத் தூக்கி, "டேய், வேலா!" என்று உரக்கக் கூப்பிட்டார். எதிரிலிருந்த தேங்காய்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை இருவருமாகவே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இப்போது இன்ஷியல் தகப்பனார் எழுத்து மட்டுமா, தாயார் எழுத்தும் சேர்த்தா என்று புதிதாக ஒரு விவாதம் கிளம்பியிருக்கிறது. இந்தத் தடவை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு விவாதிக்கிறார்கள். ஆகையால் நான் தலையிடவில்லை.

* * *

சகோதரிகளே, பெயர் வைக்கும் உரிமை தாயாருக்கா, தகப்பனாருக்கா என்று என்னைக் கேட்டால் நான் வக்கீல் இல்லை. சட்டம் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. தாயாரின் வார்த்தைக்கு இடமே இல்லாத காலத்தைப் பார்த்தவள் நான். அந்த இடத்தைப் பெண்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பல வீடுகளில் சண்டை பெயருக்காக நடப்பதில்லை, கேட்காமல் செய்ததற்காக நடக்கிறது என்று மட்டும் என் அனுபவத்தில் சொல்வேன். ராகத்தின் பெயரோ, அம்மன் பெயரோ, பெற்ற இருவரும் வாய் நிறையக் கூப்பிட முடிகிற பெயராக இருந்தால், அதுதான் குழந்தைக்கு நல்ல பெயர்.

இன்னொரு பாரமும் என் மனசில் இருக்கிறது. என் மாமியார் 2009-ல் காலமானார். கருமாதிப் பத்திரிகையில் 'அகிலாண்டம் அம்மாள்' என்று அச்சடித்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு பெயரையும் சேர்க்கச் சொல்லலாமா என்று தவித்தேன். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சொல்லாமல் இருந்துவிட்டேன். என் பெண்ணின் பெயருக்கு வந்த தைரியம் அவர் பெயருக்கு வரவில்லை.

இப்போது வாக்குக் கொடுத்தவருக்கும் யாரும் இல்லை, சங்கடப்படுகிறவரும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். என் மாமியார் பெயர் மீனாட்சி. மதுரையில் பிறந்தவர்.

உங்கள் வீட்டிலும் எண்பது, தொண்ணூறு வயதில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கலாம். இன்றைக்குச் சாயங்காலம் காபி கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "கல்யாணத்துக்கு முன்னாலே உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவாவது கேளுங்கள்.